புறநகரின் தலைக்கணக்கு

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று நீளும் வானம் பார்த்த சீமையில், ஓர் ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று அரசாங்கம் எண்ணியது. மற்றது ஊர் தானே எண்ணி வைத்திருப்பது. பொங்கல் சாட்டி வரி பிரிக்கும்போது இத்தனை தலைக்கட்டு என்று ஊர் நோட்டில் இருக்கும். பள்ளிவாசல் ஊர்களில் அதே மாதிரிக் கணக்கு ஜமாஅத் பதிவேட்டில் சந்தாவாக இருக்கும். பெரும்பாலும் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. அவர் மதுரை அவனியாபுரத்தில் வீடு கட்டிக் குடியேறி இருபது வருஷம் ஆகியிருந்தாலும் ஊர் நோட்டிலிருந்து பெயரை அடிக்க மாட்டார்கள். வரியும் வந்து சேரும். அரசாங்கக் கணக்கில் அவர் அவனியாபுரத்தில் இருப்பவர். அவனியாபுரத்துப் பழைய குடிகளின் நோட்டிலோ அவர் பெயரே இராது.

ஒரே ஆள் ஒரு கணக்கில் வருகிறார், ஒன்றில் விடுபடுகிறார், ஒன்றில் நுழையவே முடிவதில்லை. புறநகர் மக்கள்தொகையைப் பற்றி எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புறநகரின் வயது, ஆண் பெண் விகிதம், படிப்பு, வேலை எல்லாவற்றிலும் தெரிகிற கூட்டல், வீரசோழன் போன்ற ஊர்களில் தெரிகிற கழித்தலோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள்படும். இரண்டு பட்டியல்களும் தனித்தனித் தொகுதிகளாக அச்சாவதால் அப்படிச் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு.

புறநகர் என்பது பெருநகரின் ஓரம் என்றால், முதலில் பெருநகர் என்பது என்ன? அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் பத்து லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள, ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளாட்சிகள் சேர்ந்த பகுதியைப் பெருநகர்ப் பகுதி என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னொரு வழியில் போகிறது. ஒரு நகரம், அதை ஒட்டி வீடும் கடையுமாகத் தொடர்ந்து போகிற சிறு நகரங்கள், வளர்ந்துவிட்ட கிராமங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி 'நகர்த்தொகுதி' என்று பெயரிடுகிறது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் பத்து லட்சத்தைத் தாண்டிய நகர்த்தொகுதிகள் நான்கு: சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி. நம் சீமைக்குப் பக்கத்தில் இருப்பது மதுரை. தூத்துக்குடிச் சாலையில் வலையன்குளம், பெருங்குடி, விமான நிலையம் தாண்டிப் பேருந்து நுழைகிற முதல் பெரிய குடியிருப்பு அவனியாபுரமும் வில்லாபுரமும். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆட்கள் மதுரையின் தெற்கு ஓரத்தில் நிறையத் தென்படுவதற்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. ஊருக்குப் போகிற பேருந்து வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் இடத்தில்தான் மனை வாங்குவார்கள்.

எண்களைப் பார்ப்போம். மதுரை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள் 2001இல் 9 லட்சத்து 29 ஆயிரம் பேர்; 2011இல் 10 லட்சத்து 18 ஆயிரம் பேர். நகர்த்தொகுதி முழுவதற்கும் 2001இல் 12 லட்சத்து 3 ஆயிரம், 2011இல் 14 லட்சத்து 66 ஆயிரம். கழித்துப் பார்த்தால் பழைய நகரத்துக்குள் கூடியது 90 ஆயிரம்கூட இல்லை. சுற்று வட்டத்திலோ 1 லட்சத்து 74 ஆயிரம் கூடியிருக்கிறது. அப்போது தனி நகராட்சியாக இருந்த அவனியாபுரம் மட்டும் சுமார் 51 ஆயிரத்திலிருந்து 89 ஆயிரத்துக்குப் போனது. சென்னையில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. 2001க்கும் 2011க்கும் இடையில் பழைய சென்னை மாவட்டம் 43 லட்சத்து 43 ஆயிரத்திலிருந்து 46 லட்சத்து 46 ஆயிரத்துக்கு, அதாவது 7 சதவீதம் வளர்ந்தது. அதே பத்தாண்டில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதமும் திருவள்ளூர் 35 சதவீதமும் வளர்ந்தன. நம் சீமை இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் வளர்ச்சி 11 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்தச் சதவீதங்களை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். ஓர் இடத்தின் மக்கள்தொகை மாறுவதற்கு நாலே வழிதான்: பிறப்பு, இறப்பு, வரவு, போக்கு. தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் மிஞ்சியது. ஆகவே யாரும் வராமலும் போகாமலும் இருந்தால் ஓர் ஊர் பத்தாண்டில் 10 சதவீதம் போலக் கூடியிருக்க வேண்டும். இப்போது மேலே உள்ள எண்களைத் திரும்பப் பாருங்கள். 39 சதவீதம் கூடிய இடத்தில் பெரும்பங்கு பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததல்ல. பேருந்திலும் ரயிலிலும் வந்தது. 7 சதவீதம் மட்டும் கூடிய சென்னை நகரமோ, கணக்குப்படி ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. மயிலாப்பூரிலும் வண்ணாரப்பேட்டையிலும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள், வாடகை கட்டாமல் போனவர்கள், குடிசை அகற்றப்பட்டவர்கள் எல்லோரும் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். புறநகரில் இருப்பவர்கள் எல்லோரும் கிராமத்திலிருந்து வந்தவர்கள் என்று நினைப்பது பாதி உண்மைதான்.

விருதுநகர் மாவட்டத்தின் 11 சதவீதத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மாவட்டம் 1985இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. சிவகாசி, ராஜபாளையம், விருதுநகர், அருப்புக்கோட்டை என்று தொழில் ஊர்கள் இருப்பதால் மாவட்ட மக்களில் பாதிக்குச் சற்று மேலேயே நகர்ப்புறத்தார். தீப்பெட்டியும் பட்டாசும் நூற்பும் உள்ள மேற்குப் பக்கமும், ஒரே ஒரு மழைப் பருவத்தை நம்பி மிளகாயும் பருத்தியும் சிறுதானியமும் போட்டு, மற்ற மாதங்களில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் கிழக்குப் பக்கமும் ஒரே சராசரிக்குள் படுத்திருக்கின்றன. 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்றும் திட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து எடுத்த இரண்டு மாவட்டங்கள் ராமநாதபுரமும் விருதுநகரும். சிவகாசியை மட்டும் தெரிந்தவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்கும். நரிக்குடி ஒன்றியத்துக் கண்மாய்களைப் பார்த்தவர்களுக்கு இருந்திருக்காது.

இனி வயது. மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஓர் ஊரின் வயதுக் கணக்கைக் கூம்பாக வரைவார்கள். அடியில் குழந்தைகள், மேலே போகப்போக வயதானவர்கள், இடப்பக்கம் ஆண், வலப்பக்கம் பெண். புதிதாக வளரும் புறநகரின் படத்தில் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் வயிறு தள்ளியிருக்கும். அடியில் அந்த வயதினரின் பிள்ளைகளால் ஒரு சின்னப் பட்டை. மேலே சட்டென்று குறுகிவிடும். கிழவர் கிழவிகள் ஊரில் இருக்கிறார்கள். ஆள் வெளியேறும் கிராமத்தின் படத்தில் புறநகர் தள்ளியிருக்கும் அதே இடத்தில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். மேல்பக்கம் அகலம். 2011இலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், இந்தியச் சராசரி 8.6. அதற்குப் பிறகு இடைவெளி கூடித்தான் இருக்கும், ஏனென்றால் பிறப்பு தொடர்ந்து குறைந்துவருகிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. தலைமுறை தேயாமல் இருக்க வேண்டியது 2.1.

இதிலிருந்து 'சார்பு விகிதம்' என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். வேலை செய்யும் வயதில் உள்ள நூறு பேருக்குக் குழந்தைகளும் முதியவர்களுமாக எத்தனை பேர் என்பதே அது. கற்பனையாக ஒரு கிராமத்தில் நூறு பேரை எடுத்துக்கொள்வோம்: சிறுவர் 25, முதியவர் 20, நடுவயதினர் 55. சார்பு விகிதம் 82. ஒரு புறநகரில் நூறு பேர்: சிறுவர் 25, முதியவர் 7, நடுவயதினர் 68. விகிதம் 47. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, புறநகரில் சுமை குறைவு, வசதி அதிகம் என்று எழுதிவிடுவார்கள். கணக்குத் தப்பில்லை, அர்த்தம் தப்பு. கிராமத்தில் எண்ணப்பட்ட அந்த இருபது முதியவர்களில் பலருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கப் பணம் அனுப்புவது புறநகரில் எண்ணப்பட்ட மகன்தான். சுமை அவன் தலையில் இருக்கிறது, எண் மட்டும் ஊரில் இருக்கிறது. திரும்பியும் அப்படித்தான். புறநகரில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகக் கைக்குழந்தையை ஆறு மாதம் ஊரில் அப்பத்தாவிடம் விட்டிருந்தால், அந்த உழைப்பு எந்த விகிதத்திலும் ஏறாது.

ஆண் பெண் விகிதத்தில் வேறொரு செய்தி இருக்கிறது. 2011இல் ஆயிரம் ஆண்களுக்கு விருதுநகர் மாவட்டத்தில் 1,007 பெண்கள். மதுரை மாவட்டத்தில் 990, சென்னையில் 989, திருவள்ளூரில் 987, காஞ்சிபுரத்தில் 986. ஆண்கள் வெளியே போகும் மாவட்டம், ஆண்கள் வந்து சேரும் மாவட்டம் என்று முதல் பார்வைக்குத் தெரிகிறது. ஆனால் வெளியே போவதில் இரண்டு விதம் உண்டு. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போகிறவர் பெரும்பாலும் தனியாகப் போகிறார். மனைவி மக்கள் ஊரில். அப்போது ஊரில் பெண் எண்ணிக்கை ஓங்கும். மதுரைக்கோ தாம்பரத்துக்கோ போகிறவர் சில வருஷத்தில் குடும்பத்தையும் கூட்டிக்கொள்கிறார். பிள்ளைகளின் இங்கிலீஷ் மீடியம் படிப்பே பாதிக் காரணம். அப்போது ஊரில் ஆண் பெண் விகிதம் அசையாது, வயதுப் படம் மட்டும் ஒடுங்கும். வளைகுடாவும் புறநகரும் ஊரைக் காலியாக்குவது ஒரே மாதிரி அல்ல. இரண்டு வழக்கமும் உள்ள வட்டாரத்தில் ஒன்றின் தடம் மற்றதை மறைத்துவிடும்.

புறநகருக்குள்ளேயும் விகிதம் தெருவுக்குத் தெரு மாறும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வடமாநில இளைஞர்கள் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் தெருக்களில் ஆண்கள் கணக்கு எகிறும். கொஞ்சம் தள்ளி வல்லம் வடகாலில், செல்பேசித் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை. அத்தனையும் பெண்கள், ஏறக்குறைய ஒரே வயதினர். அடுத்த கணக்கெடுப்பில் அந்த ஊராட்சியின் படம் எப்படி வரப்போகிறது என்று பார்க்க எனக்கு ஆசைதான். அந்தப் பெண்களில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் நிறைய. ஊருக்கு ஊர் அவர்களின் வீட்டில் ஒரு தலை குறைந்திருக்கும், தலைக்கட்டு நோட்டில் மட்டும் எதுவும் குறைந்திராது. பெண்கள்தான் அதில் எப்போதுமே கிடையாதே.

2011இல் படிப்பறிவு விகிதம்: சென்னை 90, காஞ்சிபுரம், திருவள்ளூர் இரண்டும் 84, மதுரை மாவட்டம் 83, விருதுநகர் 80. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் சதவீதம் இது. நகரத்துக்குப் பக்கம் போனால் படிப்பு கூடுகிறது என்று இதை விளக்குவார்கள். பள்ளிகள் அங்கே அதிகம் என்பது மெய். ஆனால் புறநகரின் படிப்பறிவில் ஒரு பங்கு இறக்குமதி. திருச்சுழி அரசுப் பள்ளியில் பன்னிரண்டு படித்து, அருப்புக்கோட்டையில் பட்டமோ பாலிடெக்னிக்கோ முடித்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் கிளம்பி அம்பத்தூருக்குப் போகும்போது, ஓர் இடத்தின் சதவீதம் இறங்கி இன்னோர் இடத்தின் சதவீதம் ஏறுகிறது. படிக்காத முதியவர்கள் ஊரிலேயே இருந்து அந்த இறக்கத்தை இன்னும் அழுத்துகிறார்கள். செலவழித்தது இங்கே, கணக்கில் வருவது அங்கே.

வேலையைப் பற்றிப் பேசும்போது 'கணக்கெடுப்பு நகரம்' என்பதைக் கட்டாயம் விளக்க வேண்டும். புறநகர்கள் பிறப்பதே பெரும்பாலும் இந்தப் பெயரில்தான். நகராட்சி, பேரூராட்சி என்று அரசு ஆணை போட்டு அறிவித்தவை சட்டப்படி நகரங்கள். தமிழ்நாட்டில் 2001இலும் 2011இலும் இவை 721. இவை தவிர, ஊராட்சியாகவே இருந்துகொண்டு மூன்று சோதனைகளில் தேறும் கிராமங்களைக் கணக்கெடுப்புத் துறை தன் அட்டவணைக்கு மட்டும் நகரம் என்று எடுத்துக்கொள்கிறது. மக்கள்தொகை 5,000க்குக் குறையக் கூடாது. சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். முழு நேர வேலையில் உள்ள ஆண்களில் 75 சதவீதத்தினர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இப்படித் தேறியவை தமிழ்நாட்டில் 2001இல் 111, 2011இல் 376. இந்தியா முழுவதும் 1,362ஆக இருந்தவை 3,900ஐ நெருங்கின. தமிழ்நாட்டின் நகர்ப்புற மக்கள் விகிதம் 44இலிருந்து 48.4ஆக ஏறியதில் இந்தப் பெயர் மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மதுரையின் சுற்று வட்டம் கூடியதாக மேலே சொன்னதிலும் கொஞ்சம் இப்படி வந்தது: ஆள் எங்கிருந்தும் வரவில்லை, இருந்த இடத்தின் பெயர்தான் மாறியது.

மூன்றாவது சோதனையில் எனக்கு ஒரு குறை உண்டு. அது ஆண்களை மட்டும் பார்க்கிறது. ஆண்கள் எல்லோரும் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட, பெண்கள் மிளகாய்க்குக் களையெடுத்துக்கொண்டிருக்கும் ஊர் இந்தச் சோதனையில் நகரமாகத் தேறிவிடும். இன்னொன்று, முழு நேர வேலை என்றால் ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு விதைத்து மாசி, பங்குனியில் கை ஓயும் கரிசல் காட்டில் விவசாய வேலை மட்டுமே பார்ப்பவருக்கு ஆறு மாதம் தேறுவது பாடுதான். அவர் குறுகிய கால உழைப்பாளர் பட்டியலுக்குப் போய்விடுவார், 75 சதவீதக் கணக்கிலேயே வர மாட்டார். கடைக்காரர், வேன் ஓட்டுநர், ஆட்டு வியாபாரி இவர்கள்தான் கணக்கில் மிஞ்சுவார்கள். வீரசோழன் மாதிரி சந்தைக்குப் பேர்போன ஊரை இந்தச் சல்லடையில் போட்டால் அது எந்தப் பக்கம் விழும் என்பது மழை எத்தனை மாதம் வேலை கொடுத்தது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் இல்லாத ஊர் அதனாலேயே நகரமாகத் தெரியக் கூடும்.

பெண்களின் வேலையைப் பற்றி ஒரு வரி. 2011இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் நூறு பெண்களுக்கு 41 பேர் உழைப்பாளர். நகர்ப்புறத்தில் 22 பேர். ஊரில் காட்டு வேலைக்கும் கரி மூட்டத்துக்கும் போன பெண், புறநகருக்கு வந்த பிறகு 'வீட்டில் சும்மா இருக்கிறார்' என்று பதிவாகிறார். வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தாலும் கேட்கிறவர் முன்னால் கணவன் சொல்லும் பதில் அதுதான்.

கணக்கெடுப்பு நகரம் என்று பெயர் வந்தாலும் ஆட்சி மாறுவதில்லை. அது ஊராட்சிதான். ஊராட்சி என்றால் ஊரகக் குடிநீர்த் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர்; பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு வைத்திருக்கும் அளவு 135 லிட்டர். நாலு மாடி அடுக்ககங்கள் எழும்பிய ஊராட்சிகளில் டேங்கர் லாரி ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியானால் மாநகராட்சியோடு சேர்த்துவிடலாமே என்றால், 2025 தொடக்கத்தில் மாநகராட்சிகளை விரிவாக்கும் திட்டம் வந்தபோது பல ஊராட்சிகளின் கிராமசபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்பது அவர்கள் கவலை. கிராமசபையில் கை தூக்கியவர்கள் அநேகமாகப் பழைய குடிகள். அடுக்ககத்தில் இருப்பவர்கள் கிராமசபைக்கு வருவதே அபூர்வம்.

இது புறநகரின் சமூக அமைப்புக்குக் கொண்டுபோகிறது. மதுரையானாலும் சென்னையானாலும் புறநகரில் மூன்று அடுக்கு மக்கள் இருக்கிறார்கள். முதலில் ஊர்க்காரர்கள். அவனியாபுரத்தில் தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறக்கும்போது யார் இந்த ஊர்க்காரர், யார் குடிவந்தவர் என்பது தெளிவாகத் தெரியும். நிலம் இருந்தது, விற்றார்கள். கோயில் மரியாதை, கிராமசபை, கட்சிப் பதவி இன்னும் அவர்களிடம்தான். அடுத்தது மனை வாங்கி வந்தவர்கள்: ஆசிரியர், போலீஸ்காரர், வளைகுடாப் பணத்தில் வீடு கட்டியவர், ஓய்வு பெற்ற அலுவலர். குடியிருப்போர் சங்கம் வைத்து ரோடு, தெருவிளக்கு கேட்பவர்கள் இவர்கள். கடைசி அடுக்கு வாடகைக்காரர்கள். எண்ணிக்கையில் பல இடங்களில் இவர்களே அதிகம், குரலில் இவர்களே குறைவு. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் வாக்காளர் பட்டியலில் பெயர் மாற்ற மெனக்கெடுவதில்லை. 2025 டிசம்பர் 19இல் வெளியான சிறப்புத் தீவிரத் திருத்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றில் பெரும்பகுதி இடம் மாறிவிட்டவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது.

வெளிநாட்டுப் படங்களில் வரும் புறநகர் என்றால் புல்வெளி, கார், நடுத்தர வர்க்கம். நம் புறநகர் அப்படி ஒரே தரமாக வளர்ந்ததல்ல. அதைக் கொண்டுவந்தவை வெவ்வேறு காலத்து வெவ்வேறு காரணங்கள். 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அறுபதுகளில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்தன. தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஸ்ரீபெரும்புதூரில் கார் தொழிற்சாலை, 2000இல் தரமணியில் டைடல் பூங்கா. அதே ஆண்டுகளில்தான் நகரத்தின் ஆற்றோரக் குடிசைகளை அகற்றிக் கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம் என்று பல்லாயிரம் குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பலர். பெரும்பாக்கத்தில் மென்பொருள் ஊழியர்களின் நீச்சல் குள அடுக்ககமும், நகரத்திலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டவர்களின் குடியிருப்பும் ஒரே ஊராட்சிக் கணக்கில் சேர்கின்றன. அந்த ஊரின் சராசரி வருமானம், சராசரிப் படிப்பு என்று யாராவது ஓர் எண் சொன்னால், அப்படிப்பட்ட வீடு அங்கே ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

நகரத்துக்கு வந்தால் சாதி போய்விடும் என்ற நம்பிக்கையையும் எண்ணிப் பார்க்கலாம். 2011இல் தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். கிராமப்புறத்தில் இந்தப் பங்கு நான்கில் ஒன்று, நகர்ப்புறத்தில் ஏழில் ஒன்று. நிலமில்லாதவர்கள்தான் முதலில் கிளம்பியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் கிளம்புவதற்கும் கைமுதல், தெரிந்த ஆள், வாடகைக்கு வீடு எல்லாம் வேண்டியிருக்கிறது. வீடு தேடிப் போனால் முன்பணத்துக்கு முன்னால் 'நீங்க எந்தப் பக்கம்' என்ற கேள்வி வரும். ஊரைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்பது. முஸ்லிம் குடும்பங்களுக்கு 'அசைவம் சமைப்பீங்களா' என்று கேள்வி வேறு உருவில் வரும். அதனால்தான் ஒரே ஊர் ஆட்கள், ஒரே ஜமாஅத் ஆட்கள் பக்கம் பக்கமாக மனை வாங்குகிறார்கள். புதுப் புறநகரில் பள்ளிவாசலோ, சர்ச்சோ, ஊர்ச் சாமியின் பிடிமண் கோயிலோ எழும்பினால் அந்தத் தெருவில் எந்தச் சீமைக்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பு அட்டவணை இல்லாமலே சொல்லிவிடலாம். ஒட்டியிருப்பது விருப்பத்தாலா, வேறு இடத்தில் வீடு கிடைக்காததாலா என்று அவர்களைக் கேட்டால், இரண்டையும் சொல்வார்கள்.

சென்னையின் ஓரம் இப்போது எங்கே முடிகிறது என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 5,904 ஆக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. 2019இல் ஆவடியும் 2021இல் தாம்பரமும் மாநகராட்சிகளாயின. தாம்பரத்துக்காக ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. 2023 டிசம்பர் 30 முதல் தென்மாவட்டப் பேருந்துகளின் நிலையம் வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில். அருப்புக்கோட்டையில் ராத்திரி ஏறுகிறவருக்குச் சென்னை இனி அங்கேயே தொடங்குகிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று அந்தச் சாலையோரம் தென்சீமை ஆட்கள் இன்னும் சேர்வார்கள் என்று நான் நினைக்கிறேன்; மதுரையில் அவனியாபுரத்துக்கு நடந்தது அதுதான்.

மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் 2011ஆம் ஆண்டுடையவை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2025 ஜூன் 16இல் வந்த அறிவிப்பின்படி, அடுத்த கணக்கெடுப்புக்கான நாள் 2027 மார்ச் 1. இதில் சாதியும் கேட்கப்படும். உங்கள் வீட்டுக்கு ஆள் வரும்போது தெரிந்திருக்க வேண்டியது இது: யாருக்கு எங்கே வீட்டு வரி, ரேஷன் கார்டு, ஆதார் முகவரி என்பது பொருட்டல்ல. வழக்கமாக எங்கே தங்கியிருக்கிறார், எண்ணும் நாட்களில் எங்கே இருக்கிறார் என்பதே கேள்வி. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். அந்தக் காலம் முழுவதும் வெளியூரில் இருந்தவரை ஊர் வீட்டில் எழுதவில்லை. வெளிநாட்டில் இருந்தவர் எங்குமே எழுதப்படவில்லை.

இடம்பெயர்ந்தவர்களைக் கண்டுபிடிப்பதற்கு 2011 கணக்கெடுப்புப் படிவத்தில் சில கேள்விகள் இருந்தன: பிறந்த இடம், இதற்கு முன் கடைசியாக இருந்த இடம், ஏன் வந்தீர்கள், வந்து எத்தனை வருஷம். காரணங்களில் வேலை, தொழில், படிப்பு, கல்யாணம், குடும்பத்தோடு வந்தது என்று பிரிவுகள். சென்னைப் புறநகரில் இருந்துகொண்டு பதில் சொல்லும் நம் சீமைக்காரர்கள் கடைசியாக இருந்த இடத்துக்கு 'மதுரை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவது வழக்கம். சரியான விடை மாவட்டமும் கிராமமா நகரமா என்பதும்: விருதுநகர் மாவட்டம், கிராமம். சென்னைக்குப் போகும் முன் மதுரையில் நாலு வருஷம் இருந்தவருக்கு மட்டும் கடைசி இடம் மதுரை. பிறந்த இடம் அப்போதும் விருதுநகர் மாவட்டம்தான்.